புல்வண்டிக்குப் பேட்டை ஸ்பிரிங்

1

அமெரிக்காவில் பொழுது எப்படிப் போகிறது என்று ஊரிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் "புல் வெட்டுகிறேன்" என்று பதில் எழுதிக்கொண்டிருந்தேன். மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன் கடல் கடந்து போய்ப் புல் வெட்டுகிறான் என்பதில் சிலருக்கு ஏற்பட்ட திருப்தியை நான் கெடுக்க விரும்பவில்லை. இப்போது அந்தப் பதிலும் என் கையைவிட்டுப் போய்விட்டது. அது எப்படிப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன்.

என் மகன் சங்கரனின் வீடு ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறு நகரத்தின் ஓரத்தில் இருக்கிறது. பின்பக்கம் எங்கள் ஊரான கல்லிடைக்குறிச்சியில் ஒரு தெருவையே கட்டிவிடக்கூடிய அளவுக்குப் புல்வெளி. அதில் எதுவும் விளைவதில்லை, எதுவும் மேய்வதுமில்லை. ஆனாலும் வெட்ட வேண்டும். புல் குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டினால் நகராட்சி நோட்டீஸ் வரும். அதற்கும் அசையாவிட்டால் அவர்களே ஆளை விட்டு வெட்டி, கூலியை வரியில் சேர்ப்பார்கள். அந்த விதியை வரவழைத்து வாசித்தேன். நன்றாக எழுதப்பட்ட விதி. மேல்முறையீட்டுக்குக்கூட ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்கள்.

வீட்டின் பழைய சொந்தக்காரர் போகும்போது ஒரு தோட்ட டிராக்டரை விட்டுப்போயிருந்தார். வயலில் ஓடும் டிராக்டரை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற, வயிற்றுக்கடியில் கத்தி சுழல்கிற சின்ன வண்டி. எங்கள் வீட்டில் அதற்குப் புல்வண்டி என்று பெயர். அது சங்கரனின் கல்யாணத்தைவிடப் புதியது, என் பேத்தி வள்ளியைவிடப் பழையது.

இந்த நாட்டில் நான் ஓட்டக்கூடிய வண்டி அது ஒன்றுதான்.

2

நெல்லையில் என் கையெழுத்தால் ஓட்டுநர் உரிமம் பெற்றவர்கள் இன்றும் பேருந்தும் லாரியும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே நான் எழுத்துத் தேர்வில் ஒரு பிழைகூட இல்லாமல் தேறினேன். சாலைத் தேர்வில் தோற்றேன். திருப்பத்தில் வண்டியை இடது பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். முப்பது வருஷமாகக் கைக்குள் இருந்த பழக்கம். பக்கத்தில் உட்கார்ந்து தேர்வு நடத்திய இளம்பெண் பதறாமல் ஏதோ குறித்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் பதறாமல் குறித்துக்கொள்வேன். அவளிடம் தவறு காண முடியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அதன்பிறகு மறுதேர்வுக்கான விண்ணப்பத்தில் வேறு தகராறு. பிறந்த மாவட்டம் என்ற இடத்தில் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று, அரசாங்கம் அதற்கு வைத்திருந்த புதுப் பெயரை எழுதினேன். கட்டங்கள் போதவில்லை. பாஸ்போர்ட்டில் திருநெல்வேலி என்றுதான் இருந்தது. இரண்டும் ஒன்றே என்பதற்குச் சான்று கேட்டார்கள். சான்று தயாராகிக்கொண்டிருந்தபோது ஒரு காலையில் என் இடது கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவியது. லேசான பக்கவாதம் என்றார்கள். கை திரும்பி வந்துவிட்டது. இடது கால் பாதிதான் வந்தது. சாலையில் வாகனம் ஓட்ட வேண்டாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

நான் அந்தச் சீட்டை இரண்டு முறை வாசித்தேன். 'சாலையில்' என்று இருந்தது. வீட்டுத் தோட்டம் எந்த நாட்டுச் சட்டத்திலும் சாலை ஆகாது. இந்த விளக்கத்தை நான் சங்கரனிடம் எடுத்துவைத்தபோது அவன் சிரித்தான்.

"சரிப்பா. பின்னாடி மட்டும் ஓட்டுங்க. பாத்து ஓட்டுங்க."

முதல் கோடையில் வள்ளி என் மடியில் உட்கார்ந்து வருவாள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தமிழில் எண்ணுவாள். மறு வருஷம் அழைத்தபோது வரவில்லை. வண்டியின் மூக்கில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினாள். பெரியவர் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்க, அதன்மேல் சிவப்புக் கோடு. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எனக்கு விளக்கினாள். சட்டம் அவள் பக்கம் இருந்தது. எண்ணுவதையும் அவள் இப்போது ஆங்கிலத்தில்தான் செய்கிறாள்.

ஆக, வாரம் இரண்டு நாள், நான் மட்டும், அந்த வண்டியில். மற்ற ஐந்து நாளும் அந்த இரண்டு நாளுக்காகக் காத்திருப்பேன். இதை மிகையாகச் சொல்லவில்லை. காலையில் மகனும் மருமகளும் பேத்தியும் போன பிறகு இந்தத் தெருவில் நடக்கிற மனிதரைப் பார்ப்பது அரிது. என் மனைவி காந்திமதிக்குக் கோயில் மடைப்பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது. வாரம் இரண்டு மூன்று நாள் யாராவது காரில் வந்து அழைத்துப் போகிறார்கள். திரும்பி வரும்போது யார் வீட்டில் என்ன விசேஷம் என்று செய்திகளோடு வருகிறாள். நான் ஜன்னலோரம் இருக்கிறேன்.

3

நாங்கள் இங்கே வந்து மூன்று வருஷம் நிறைந்த அன்று காந்திமதி பாயசம் வைத்திருந்தாள். நான் அதற்குள் புல்வெளிக் கோடியில் இருக்கிற பின்மேட்டை வெட்டி முடிக்கலாம் என்று ஏறினேன். பாதி மேட்டில் என்ஜின் சீறியது, சக்கரம் சுற்றவில்லை, வண்டி பின்னோக்கி நழுவியது. நான் அசையாமல் உட்கார்ந்தபடியே பாயசத்தை நோக்கி இறங்கினேன்.

காரணத்தைக் கண்டுபிடிப்பது எனக்குக் கஷ்டமில்லை. என்ஜினின் சுழற்சியை ஒரு பெல்ட் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. அந்த பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது ஒரு ஸ்பிரிங். இடதுகால் மிதியை அழுத்தினால் ஸ்பிரிங் இழுபட்டு பெல்ட் தளரும். விட்டால் இறுகும். கிளட்ச் அவ்வளவுதான். அந்த ஸ்பிரிங் வயதாகித் தொங்கிப்போயிருந்தது. சமதரையில் சமாளித்தது, மேட்டில் கைவிட்டது.

சங்கரன் அழைத்துப்போன உதிரிபாகக் கடையில் அந்த ஸ்பிரிங் இப்போது வருவதில்லை என்றார்கள். பேச்சுவாக்கில் நான், இங்கே யாருக்கும் புரியாத நம்மூர் வழக்கில், ஸ்டெப்னி என்றும் டிக்கி என்றும் சொல்லிவைக்க, கடைக்காரர் என்னைப் பரிவோடு பார்த்தார். வெறுங்கையோடு வந்தோம்.

அன்று சாப்பாட்டு மேசையில் சங்கரன் தன் அம்மாவிடம் பேசினான். என்னிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்வது அவன் வழக்கம்.

"அந்த வண்டி இனி சரிப்படாதும்மா. அப்பா அதுலேர்ந்து உருண்டா யாரு பதில் சொல்றது? நீங்க கல்யாணத்துக்கு ஊருக்குப் போறீங்கல்ல, வர்ற வரைக்கும் புல்வெட்டுற கம்பெனி ஆளுங்க வந்து வெட்டட்டும். நீங்க திரும்பினதும் அதைத் தள்ளிவிட்டுரலாம்."

"அப்பா என்ன செய்வாவ?" என்றாள் காந்திமதி.

"ரெஸ்ட் எடுக்கட்டும்."

மறுநாள் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். பெரிய வண்டியை இறக்கி, நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் முழுவதையும் வழித்துவிட்டுப் போனார்கள். நான் கராஜுக்குள் போய்ப் பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி, காந்திமதியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பெட்டியில் வைத்தேன்.

4

கல்லிடைக்குறிச்சியில் மருமகளின் கல்யாணம். என் தங்கை மகளைச் சொல்கிறேன். ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. பந்தியில் எல்லோரும் அமெரிக்காவைப் பற்றிக் கேட்டார்கள். நான் திருநெல்வேலிப் பேட்டைக்கு எப்போது பஸ் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதோடு பென்ஷன் நேர்காணல். உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு ஆதாரமாக நேரில் போய் உட்கார்ந்தேன். எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, ஏட்டைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்து ஏற்றுக்கொண்டார். அந்த வருஷம் முழுவதும் அவ்வளவு உறுதியாக யாரும் என்னிடம் அதைச் சொன்னதில்லை.

பேட்டைத் தொழிற்பேட்டையில் முத்தையா ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கிறார். என் உத்தியோக நாட்களில் நாங்கள் இருவரும் எதிரெதிர்க் கட்சி. ஆற்று மணல் லாரிகள் அளவுக்கு மீறி ஏற்றுவதற்காக அடியில் இருக்கும் ஸ்பிரிங் அடுக்கில் கூடுதலாக ஓர் இரும்புப் பட்டையைச் சொருகிக்கொண்டு வரும். சொருகுவது முத்தையா. பிடித்து எழுதி, கழற்றச் சொல்வது நான். கழற்றுவதும் முத்தையாவே. இரண்டுக்கும் கூலி வாங்கிவிடுவார்.

என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"ஐயா, வாங்க வாங்க! அமெரிக்காவுல பிடிக்க லாரி சிக்கலன்னு இங்கன வந்தியளா?"

"நீர் இன்னும் பட்டை சொருகிக்கிட்டுத்தான் இருக்கீரா வே?"

"நிறுத்திட்டேன்யா. நீங்க போன பொறவு பிடிக்க ஆளே இல்ல. கழட்டுத கூலி நின்னுபோச்சு. தொழில்ல பாதி போயிட்டுல்லா!"

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போது தோன்றியது. பைக்குள்ளிருந்து ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுத்தேன். முத்தையா அதை இழுத்துப் பார்த்தார்.

"இது செத்துப்போச்சு. எம்புட்டு லோடு ஏத்துவிய?"

"லோடு ஒண்ணும் கிடையாது. நான் ஒருத்தன்தான்."

"நீங்க மட்டுமா? உங்களுக்கு எதுக்கு ஸ்பிரிங்கு, சைக்கிள் போதுமே."

"மேடு இருக்குவே. மேட்டுல வழுக்குது. இதே அளவுதான், ஆனா எதுக்கும் கொஞ்சம் கெட்டியாப் போடும்."

"ஐயாவா இப்படிச் சொல்லுதது! ஏலே, எல்லாரும் கேட்டுக்கிடுங்கலே. கூடுதல் பட்டைக்கு கேஸ் எழுதுன ஐயா, கெட்டியாப் போடச் சொல்லுதாவ!"

"பேசாமப் போடும்வே."

"போடுதேன், போடுதேன். பாபநாச மேட்டுல நெல்லு மூட்டையோட ஏறுத மாதிரிப் போட்டுத் தாறேன். எதுக்கும் கம்பிக் கனம் ரெண்டு நம்பர் கூடவே இருக்கட்டும். நீங்க அம்புட்டுத் தூரம் போய், பத்தலன்னு திரும்பி வர முடியுமா?"

எங்கள் பக்கத்தில் எந்தப் பொருளைச் செய்யக் கொடுத்தாலும் எதுக்கும் கொஞ்சம் கூட என்று சொல்லித்தான் கொடுப்போம். கதவுக்குத் தாழ்ப்பாளானாலும் கட்டிலுக்குக் காலானாலும் அப்படித்தான். குறைந்துவிடுமோ என்ற பயம் எங்களுக்கு உண்டு, கூடிவிடும் என்ற பயம் கிடையாது. நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. நெல் மூட்டையோடு பாபநாசம் மேட்டில் ஏறுவது எனக்கும் பிடித்திருந்தது.

பழைய ஸ்பிரிங்கை மாதிரிக்காக முத்தையாவே வைத்துக்கொண்டார். புதியதை எண்ணெய் தடவி, தினத்தாளில் சுற்றிக் கொடுத்தார். என் விரல்களால் அதைத் துளிகூட இழுக்க முடியவில்லை. அதைக் கையில் பிடித்தபடி பஸ்ஸில் வந்தபோது, பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு காரியம் என் இஷ்டப்படி முடிந்ததாக நினைத்தேன்.

5

திரும்பி வந்த மறுநாளே, மகனும் மருமகளும் பேத்தியும் கிளம்பிப்போன பிறகு, மாட்ட உட்கார்ந்தேன். ஒரு கொக்கி மாட்டிவிட்டது. மறு கொக்கி அதன் துளைக்கு எட்டவே இல்லை. காந்திமதியைக் கூப்பிட்டேன். நாடாக் கயிற்றைக் கொக்கியில் கோத்து இருவரும் சேர்ந்து இழுத்தோம். துளைக்குள் கொக்கி விழுந்ததும் அவள் பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே சிரித்தாள்.

"ரெண்டு பேரு சேந்து இழுக்க வேண்டியிருக்கு. இதைக் காலால எப்படி மிதிப்பிய?"

"மிதிக்கு நெம்புகோல் இருக்கு. நெம்புகோல் தத்துவம்னு ஒண்ணு இருக்கு."

"தத்துவம் இருந்துட்டுப் போவுது. மிதிக்கக் காலு வேணும்லா."

நான் ஏறி உட்கார்ந்தேன். இந்த வண்டியில் கிளட்சும் பிரேக்கும் ஒரே மிதிதான், இடது பக்கம். அதை அடிவரை மிதித்தால்தான் சாவிக்கு உயிர் வரும். மிதிக்காமல் என்ஜின் கிளம்பாதபடி ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. உத்தியோகத்தில் இருந்திருந்தால் எல்லா வண்டிக்கும் பரிந்துரைத்திருப்பேன்.

இடது காலை வைத்து அழுத்தினேன். மிதி இரண்டு விரற்கடை இறங்கியது. பிறகு என் காலை மேலே தூக்கி, வைக்க வேண்டிய இடத்தில் வைத்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி தூக்கியது. சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை.

பழைய ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்ததால்தான் என் கால் அதற்குக் கட்டுப்படியாகியிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. மேட்டில் வண்டி நழுவியபோது ஸ்பிரிங்கை மட்டும் பார்த்தேன். மறுமுனையில் இருந்ததை ஆய்வு செய்யவில்லை.

சாயங்காலம் சங்கரன் வந்தான். மாட்டிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவன் ஆபீஸ் சட்டையோடு ஏறி, ஒற்றைக் காலால் அலட்சியமாக மிதித்து, கிளப்பி, பின்மேட்டில் விட்டான். வண்டி முனகாமல் ஏறியது. உச்சியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்துக் கத்தினான்.

"அப்பா! லாரி மாதிரி ஏறுது! யாருப்பா செஞ்சு குடுத்தது?"

இருட்டும்வரை அவன் இறங்கவில்லை. வள்ளிகூட வெளியே வந்து கைதட்டினாள். இரவுச் சாப்பாட்டில் முடிவு அறிவிக்கப்பட்டது. வண்டியைத் தள்ளப்போவதில்லை. கம்பெனியும் வேண்டாம். சனிக்கிழமைதோறும் அவனே வெட்டுவான். "நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கேன், இது நல்லாருக்கும்மா. அப்பாவுக்கும் ரெஸ்ட்டு."

காந்திமதி என்னைப் பார்த்தாள். நான் ரசம் கேட்டேன். என்னால் மிதிக்க முடியவில்லை என்று சொன்னால் அடுத்த நாளே மருத்துவமனை, பரிசோதனை, இன்னொரு சீட்டு. இந்த முறை சீட்டில் 'சாலையில்' என்ற சொல்லும் இருக்காது. வண்டி பிழைத்தது. அதை மீட்டதும் நான்தான், அதிலிருந்து இறக்கப்பட்டதும் நான்தான். மேல்முறையீடு செய்ய இடமில்லாத தீர்ப்பு.

6

பழைய ஸ்பிரிங் கிடைத்தால் போதும் என்று பேட்டைக்குத் தொலைபேசினேன். பட்டறைக்குப் பக்கத்து டீக்கடையில் போனை எடுத்தவரிடம் முத்தையாவைக் கூப்பிட்டு வரச் சொன்னேன். முத்தையா மூச்சிரைக்க வந்தார்.

"ஐயா! எப்படி ஏறுது?"

"நல்லா ஏறுது முத்தையா. லாரி மாதிரி ஏறுது."

"பாத்தியளா! அந்தப் பழசை வாசல்ல தொங்க விட்டுருக்கேன்யா. வாற ஆள்ட்டயெல்லாம் சொல்லுதேன், பேட்டை கம்பி அமெரிக்காவுல ஓடுதுன்னு. நம்ப மாட்டேங்கானுவ. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க, பக்கத்துல நாலு பேரு நிக்கானுவ."

நாலு பேருக்கும் சொன்னேன். ஓடுகிறது, நன்றாக ஓடுகிறது என்றேன். பழையதைத் தபாலில் அனுப்பும்படி கேட்க வாய் வரவில்லை. வைத்துவிட்டேன்.

அதன்பிறகு வந்த சனிக்கிழமைகளில் சங்கரன் வெட்டினான். நான் ஜன்னலில் நின்றேன். மூலையைத் திருப்பும்போது ஒரு பட்டை புல்லை விட்டுவிடுகிறான். சொல்லவில்லை. காந்திமதி கோயிலுக்கு வரும்படி என்னைக் கூப்பிட்டுப் பார்த்தாள். தொலைக்காட்சியைப் போட்டுப் பார்த்தாள். ஒருநாள், "சாப்பிட்ட தட்டையாவது எடுத்து வைங்க, கை காலு அசையட்டும்" என்றாள். எடுத்து வைத்தேன். அடுத்த வேளை வரை வேறு வேலை இல்லை. பகலில் தூங்க ஆரம்பித்தேன். எழுந்திருக்கும்போது இது காலையா மாலையா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் படுத்திருப்பேன். இரண்டும் ஒன்றுதான் என்பது நினைவுக்கு வந்த பிறகு எழுந்துகொள்வேன்.

போன சனிக்கிழமை முழுக்க மழை. சங்கரனால் வெட்ட முடியவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது.

புதன்கிழமை மற்றவர்கள் போன பிறகு, காந்திமதி சமையலில் இருந்தபோது கராஜுக்குள் போனேன். கதவு மூடியிருந்தது. விளக்கைப் போடாமல் வண்டியில் ஏறினேன். இடது காலை மிதியில் வைத்தேன். அதன்மேல் வலது காலை வைத்தேன். ஸ்டியரிங்கை இரு கைகளாலும் என் பக்கம் இழுத்து, முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்து, இரண்டு காலாலும் தள்ளினேன். என் முன்னால் எவனாவது இப்படி ஒரு வண்டியில் உட்கார்ந்திருந்தால் இறங்கி வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பேன். மிதி இறங்கியது. பாதியில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு தள்ளினேன். அடித்தட்டில் இரும்பு தட்டுகிற சத்தம் கேட்டது.

ஒரு கையை மட்டும் விட்டுச் சாவியைத் திருப்பினேன். என்ஜின் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்துக்குக் காந்திமதி வந்துவிட்டாள். சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு, கையில் கரண்டியோடு நின்றாள். என் இரண்டு காலையும் பார்த்தாள். முகத்தையும் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. இறங்குங்கள் என்று அவள் சொன்னால் இறங்கியிருப்பேன். மூன்று வருஷமாக எல்லோரும் சொல்லி நான் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான்.

"நடுவுல நின்னுபோனா?" என்றாள்.

"மறுபடி மிதிக்கணும்."

"மிதிக்க முடியலன்னா?"

நான் குனிந்து மிதியைப் பார்த்தேன். கால்கள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. அதிக நேரம் பிடித்துவைக்க முடியாது.

கரண்டியை அலமாரியில் வைத்தாள். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு எனக்கு முன்னால் போனாள். பெரிய கதவைக் குனிந்து பிடித்து மேலே தள்ளினாள். வெளிச்சமும் ஈரப்புல் வாசனையும் உள்ளே வந்தன.

"நிறுத்தணும்னா ஒரு சத்தம் குடுங்க. வந்து நானும் சேந்து மிதிக்கேன்" என்றாள். பிறகு ஓரமாக ஒதுங்கி நின்றாள். "பையப் போங்க."

வலது காலை முதலில் எடுத்தேன். இடது காலை ஸ்பிரிங்கே தூக்கிவிட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி என்னைக் கதவுக்கு வெளியே கொண்டுபோனது.